வெடியுப்பும் சாசேஜும்

உப்பின் பாதை – 12

வெடியுப்பு எதற்கு என்று பட்டாசு செய்யும் வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நூறு பங்கு கருமருந்தில் ஏறக்குறைய 75 பங்கு அதுதான்; மிச்சம் கரித்தூளும் கந்தகமும். எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு. ரசாயனப் பெயர், பொட்டாசியம் நைட்ரேட். இதே உப்பைத்தான் ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பன்றிக்கறியில் தேய்த்து ஊறவைத்தார்கள்.

கறியில் அது செய்யும் வேலை வேறு. பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. 1891இல் ஜெர்மானியரான எட்வர்ட் பொலென்ஸ்கே இதைக் கண்டறிந்தார். நைட்ரைட் கறியின் இளஞ்சிவப்பைக் காக்கும். காற்றுப் புகாத, ஈரமான சாசேஜுக்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியை வளரவிடாது. அதே நைட்ரைட் கறியிலுள்ள அமைன்களோடு சேர்ந்தால் நைட்ரோசமின்கள் உருவாகலாம். அவற்றில் பல புற்றுநோயைத் தூண்டுபவை.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றுக்கான முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. நம் உப்புக்கண்டத்துக்கு நைட்ரைட் தேவையில்லை. உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, கரிசல் வெயிலில் சுக்காகக் காயவைத்தால் கிருமி வளர ஈரமே இருக்காது. அதற்காக நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது. உப்பிட்டுப் பதப்படுத்திய கறியும் அந்த முகமையின் வரையறைக்குள் வருகிறது.

கறியே இல்லாத சாசேஜ் புதிய யோசனை அல்ல. முதல் உலகப் போர்ப் பஞ்சத்தில் கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடெனாவர், சோயா மாவில் சாசேஜ் செய்யும் முறைக்கு 1918இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனவர் அவர்தான். இன்றைய காய்கறி சாசேஜில் சோயாவோ பட்டாணிப் புரதமோ இருக்கும், நிறத்துக்குப் பீட்ரூட். பன்றிக்குடலுக்குப் பதிலாகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் உறை. அதற்கான பழுப்புப் பாசியை மன்னார் வளைகுடாக் கரையில் ராமநாதபுரத்துப் பெண்கள் சேகரிக்கிறார்கள்.

காய்கறி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். உறைகுளிரில் வைத்து விற்பதால் நைட்ரைட் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ருசிக்காக உப்பைத் தாராளமாகப் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பாக்கெட்டில் சோடியம் அளவைப் பாருங்கள். கறி சாசேஜ் என்றால் சேர்பொருள் பட்டியலில் 250, 252 என்ற எண்களைத் தேடுங்கள். 250 சோடியம் நைட்ரைட். 252 நம் ஊர் வெடியுப்பேதான். வெடிக்காது, ஆனால் எதற்காகச் சேர்த்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பாக்கெட்டே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாயோடு கொரகொரப்பாக அரையுங்கள். பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டி, வாழையிலையில் சுற்றி இட்லிக் கொப்பரையில் அவித்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சிவக்க விடுங்கள். நைட்ரைட் நாள்கணக்கில் கெடாமல் வைப்பதற்காக வந்தது, மிதமிஞ்சிய உப்பு பாக்கெட்டின் ருசிக்காக. அன்றே செய்து அன்றே தீர்த்துவிடும் வீட்டில் அவற்றுக்கு வேலையில்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: மோர் மிளகாயும் வத்தல் பானையும்