அணுகுண்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் படைத்துறையே பிழைப்பு. கிர்கீ என்று நம்மவர் வழங்கிய கட்கியிலும், தேகு ரோடிலும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளில் தமிழர் நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருகின்றனர். அத்தகைய இல்லமொன்றில், ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா நினைவாகப் பள்ளியில் காகிதக் கொக்கு மடித்து வந்த பிள்ளை, "அணுகுண்டு தீயது என்றால் நம் நாடு அதனை ஏன் வைத்திருக்கிறது, அப்பா?" என்று வினவினால் தந்தை யாது கூறுவார்? சிலர் பேச்சை மாற்றிவிடுவர். சிலர் அழிவின் கோரத்தை விவரித்து அச்சுறுத்துவர். இரண்டும் போதா.

அச்சத்தின் பயன் எவ்வளவு என்பதை இந்நகரிலிருந்தே காந்தியடிகள் எழுதியிருக்கிறார். 1946ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், அந்நாளில் பூனா எனப்பட்ட இவ்வூரில் தங்கியிருந்தபோது, அணுகுண்டையும் அகிம்சையையும் பற்றி அவர் வரைந்த கட்டுரை, அம்மாதம் 7ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் வெளிவந்தது. அதே ஜூலை 1ஆம் நாள்தான், பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில், போருக்குப் பிந்திய முதல் அணுகுண்டுச் சோதனையை அமெரிக்கா நடத்தியது. குண்டின் பயங்கரமே உலகை அகிம்சைக்குத் திருப்பிவிடும் என்று அமெரிக்க நண்பர்கள் கூறியதற்கு அடிகள் விடையிறுத்தார். நல்லுணவை அளவு மீறி உண்டவன் குமட்டலெடுத்து இலையைத் தள்ளுவான். குமட்டல் தணிந்ததும் முன்னிலும் ஆவலாய் அதே இலையை நாடுவான். அச்சத்தால் விளையும் அமைதியும் அத்தகையதே என்பது அவர் வாதம். அன்று ஒரு நாட்டிடம் மட்டுமே இருந்த ஆயுதம் இன்று ஒன்பது நாடுகளிடம் இருக்கிறது.

ஆகவே பிள்ளைக்கு முதலில் அறிவைத் தருவோம். 1956ஆம் ஆண்டிலேயே டாக்டர் டி. எஸ். கோத்தாரி தொகுத்து, நேருவின் முன்னுரையோடு, அணு வெடிப்புகளின் விளைவுகளைப் பற்றி இந்திய அரசு ஒரு நூல் வெளியிட்டது. சோதனை வெடிப்பில் பிறக்கும் ஸ்டிரான்ஷியம்-90 என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். அது மழையோடு இறங்கிப் புல்லில் படிகிறது, பசு மேய்கிறது, பாலின் வழியே குழந்தையின் உடலை அடைகிறது. சுண்ணச்சத்தை ஒத்ததாகையால் உடல் ஏமாந்து அதனை எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்கிறது. அதன் கதிர்வீச்சு பாதியாய்க் குறைய ஏறத்தாழ 29 ஆண்டுகள் செல்லும். இதனை அளந்தறிய அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் 1958 முதல் பல்லாயிரம் சிறுவர் சிறுமியர் தங்கள் விழுந்த பாற்பற்களைக் கொடுத்துதவினர். கொக்கு மடிப்பதைக் காட்டிலும் இது என் மனத்தைக் கவர்கிறது. பிள்ளைகளே ஆராய்ச்சியில் பங்குகொண்டனர் அல்லவா?

1962ஆம் ஆண்டு செப்டம்பரில், எண்பத்துமூன்று வயது ராஜாஜி வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்துமாறு ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். மறு ஆண்டு ஆகஸ்டில் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியாவும் ஒப்பமிட்டது. நிலத்தடிச் சோதனையை அது தடுக்கவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சொல் இடறுவதுண்டு. ஆயுதக் குறைப்பு வேறு, ஆயுத ஒழிப்பு வேறு; இரண்டையும் ஒன்றாக வழங்குகிறோம். 1963ஆம் ஆண்டு ஒப்பந்தம் இவ்விரண்டுமன்று. ஒரு குண்டையும் அது குறைக்கவில்லை. 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையிலுள்ள அணுவாயுதத் தடை உடன்படிக்கையோ ஒழிப்பையே கோருகிறது.

இனிப் பிள்ளையின் வினா. இந்தியா 1974இலும் 1998இலும் பொக்ரானில் நிலத்தடியில் சோதனை செய்தது. 1998இல் நாட்டின் பாதுகாப்பையே காரணமாகக் கூறியது. தான் முதலில் பயன்படுத்துவதில்லை என்றும் அறிவித்தது. உலகனைத்திலும் அணுவாயுதங்களை ஒழிக்கும் திட்டமொன்றை 1988இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்ததும் இந்தியாவே. தடை உடன்படிக்கையில் அது சேரவில்லை. இவற்றுள் எதனையும் மறைக்காமல் தந்தை சொல்லலாம். தொழிற்சாலையில் ஊதியம் பெறுவோர் இதைச் சொல்லலாகாது என்ற விதி ஏதுமில்லை. இவை யாவும் உலகறிந்த செய்திகளே. காந்தியடிகளின் கட்டுரையும் சிறியதுதான். இரவு உணவுக்குப்பின் உடனிருந்து படித்துவிடலாம்.