முள்ளைப் பார், அப்புறம் உதை

ராசிபுரத்துப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் இருபது வருடமாக ஒரு புல்லட் நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் தென்னங்கீற்றைச் சாத்தியிருந்தோம். சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்பா போன பிறகு அந்த வண்டியை யாரும் தொடவில்லை. போன கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகள் கீற்றை இழுத்துப் போட்டுவிட்டு, "மாமா, அப்பிச்சி வண்டி ஓடுமா?" என்றாள். ஏழாம் வகுப்புப் பெண் அவள். ஓடும் என்று சொல்லிவிட்டு நான் கிக்கரின்மேல் ஏறி நின்றேன். என் எடை 78 கிலோ. கிக்கர் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

நாமக்கல் லாரிப் பட்டறைகளிலேயே காலத்தைக் கழித்த ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். அவர் பிளக்கைக் கழற்றினார், டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார், நிமிர்ந்தார். "பிஸ்டன் புடிச்சுக்கிச்சு தம்பி. நீங்க ஏறிக் குதிச்சாலும் வராது."

பிடித்துக்கொண்டது துரு. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் அலுமினியம். இரண்டுக்கும் இடையே இருப்பது முடியளவு இடைவெளிதான். ஐப்பசி மழைக் காற்றின் ஈரம் திறந்திருந்த வால்வு வழியாக உள்ளே போய்விட்டது. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு பிடிக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். முடியளவு இடைவெளியில் அப்படி ஒன்று வீங்கினால் பிஸ்டன் எங்கே அசைவது?

சேலத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கஞ்சமலைக் கல்லின்மேல் காந்தத்தை வைத்தால் ஒட்டும். அதில் இருப்பது மேக்னடைட், அதாவது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. உலையில் போட்டு ஆக்சிஜனைப் பிரித்தால்தான் இரும்பு கிடைக்கும். சேலத்துத் தாதுவை நம்பி ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையே தொடங்கினார். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்த இரும்பு, கொஞ்சம் அசந்தால் மறுபடியும் ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்கிறது. துருப்பிடித்த வண்டி மெல்ல மெல்ல மலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் சுத்தியலை எடுக்கவில்லை. மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஒரு டம்ளர் ஊற்றினார், துணியால் ஓட்டையை அடைத்தார், "நாளைக்கு வரேன்" என்று கிளம்பிவிட்டார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வேட்டி நுனி மட்டும் வாய்க்காலில் நனைந்தால் ஈரம் முழங்கால்வரை ஏறும். திரவம் குறுகலான சந்துக்குள் தானே இழுபட்டுப் போகும். இதற்குப் பெயர் நுண்புழை விளைவு. சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு தூரம் போகும். துருவின் பொடிகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் அப்படித்தான் இறங்கியது. தினமும் சாயங்காலம் வண்டியை நாலாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம். ஐந்தாம் நாள் உள்ளே 'கிறீச்' என்று ஒரு சத்தம், சக்கரம் கொஞ்சம் நகர்ந்தது.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் சுவரெல்லாம் துரு தின்ற பள்ளம். "லேத்துல குடுத்து ஒரு போர் போட்ரலாம்" என்றார் பெரியவர். "எத்தனை அடிக்கு?" என்றாள் இவள். அவளுடைய அப்பாவுக்குத் திருச்செங்கோடு, அங்கே போர் என்றால் ஆழ்துளைக் கிணறுதான்! இது வேறு போர். சிலிண்டரின் உட்சுவரை மெல்லியதாகச் சீவி, மறுபடி வட்டமாக்கி, அந்த அளவுக்குச் சற்றே பெரிய பிஸ்டனைப் போடுவார்கள்.

கழற்றும்போதே ஒரு வேடிக்கை நடந்தது. என் ஸ்பேனர் செட்டில் 13 எடுத்தேன், ஒரு நட்டில் நுழையவில்லை. 14 எடுத்தேன், லொடலொடவென்று ஆடியது. பெரியவர் தன் பையிலிருந்து கறுத்துப்போன ஒரு ஸ்பேனரை எடுத்தார். அதில் கால் என்று பின்னத்தில் பொறித்திருந்தது. கச்சிதமாகப் பிடித்தது. அது விட்வொர்த் அளவு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஊருக்கு ஒரு மாதிரி இருந்த திருகாணிகளுக்கெல்லாம் ஒரே கணக்கைக் கொண்டுவந்தார். மரையின் கோணம் 55 டிகிரி என்றார். அவர் வழிவந்த ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் நட்டின் அகலம் அல்ல, உள்ளே இருக்கும் போல்ட்டின் விட்டம். கால் அங்குல போல்ட்டுக்கான நட்டை அளந்தால் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர் வரும். என் 13 ஏன் தோற்றது என்று புரிந்ததா?

இங்கிலாந்துக்காரர் கணக்கு நம் வண்டிக்குள் எப்படி வந்தது? புல்லட் பிறந்தது அங்கேதான். ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் ஆலை ரெடிச் என்ற ஊரில் இருந்தது. அங்கே 1932-இல் ஒரு வண்டிக்குப் புல்லட் என்று பெயர் வைத்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு அதை வாங்கியது. 1955-இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் பாகங்களாக வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் பூட்டியது 163 வண்டிகள்தான். பிறகு பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன, நட்டு போல்ட் கணக்கு மட்டும் பழையபடியே இருந்தது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் கப்பலேறியது. கொல்லன் தெருவில் ஊசி விற்றோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு வண்டியைக் கிளப்புவதில்தான் கண்.

வண்டியைப் பூட்டி முடித்தோம். சிலிண்டரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் உயரம் 90. ஆரம் 3.5 சென்டிமீட்டர், உயரம் 9. உருளையின் கன அளவுக்கான சூத்திரத்தில் பை 22/7 என்று போட்டால் 346.5 கன சென்டிமீட்டர் வரும். 350 சி.சி. வண்டி என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்த உருளைக்குள் நாலு வேலை நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும். மேலே ஏறும்போது அதை ஆறேழில் ஒரு பங்காக அமுக்கும். பிளக் பொறி விடும், வெடிப்பின் வேகத்தில் பிஸ்டன் கீழே பாயும். மறுபடி ஏறும்போது புகையை வெளியே தள்ளும். உறிஞ்சு, அமுக்கு, வெடி, தள்ளு. நாலில் ஒன்றில்தான் பலம் வருகிறது. மற்ற மூன்றையும் அந்த ஒன்றில் சேர்த்துவைத்த வேகத்தால் ஓட்டுவது ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம்.

நின்றுகிடக்கும் வண்டியில் வெடிப்பும் இல்லை, ஃப்ளைவீலில் வேகமும் இல்லை. முதல் சுற்றுக்கான பலத்தை உங்கள் வலது கால்தான் தர வேண்டும். நான் தந்தேன். கிக்கர் பாதி இறங்கியது, 'டப்' என்றது, என் காலைத் திருப்பி அடித்தது. புல்லட்காரர்கள் எல்லோருக்கும் இந்த அடி தெரியும். ஒரு வாரம் நொண்டியவர்களும் உண்டு.

ஏன் அடிக்கிறது? பொறி சரியாக உச்சியில் விழுவதில்லை, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விழுகிறது. நெருப்பு பரவக் கொஞ்சம் நேரம் வேண்டுமே! வேகமாக வரும் பிஸ்டன் அதற்குள் உச்சியைத் தாண்டிவிடும். சோம்பலாக ஏறும் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும், வெடிப்பு அதை வந்த வழியே கீழே தள்ளும். கிக்கர் அதனோடு சேர்ந்து திரும்பி வரும்.

"முள்ளப் பாருங்க தம்பி. கால அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் பெரியவர்.

ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு குட்டி ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அதன் முள் இடது பக்கம், கழித்தல் குறிக்குச் சாயும். பேட்டரியிலிருந்து மின்சாரம் காயில் என்ற கம்பிச்சுருளுக்குப் போகிறது என்று பொருள். வழியில் 'பாயிண்ட்' என்று இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரக் கொஞ்சம் முன்னால் கேம் என்ற சுழலும் மேடு அவற்றைப் பிரிக்கும். எவ்வளவு தெரியுமா? ஏ.டி.எம். கார்டின் தடிமனில் பாதி. அந்தக் கணத்தில் காயிலில் ஓடிய மின்சாரம் நிற்கும், அதன் காந்தப்புலம் சட்டென்று சரியும், பக்கத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றிய மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எழும். பிளக்கில் தாவுவது அதுதான். பாயிண்ட் பிரிந்ததும் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆக, கண்ணால் பார்க்க முடியாத பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை முள் காட்டிக்கொடுக்கிறது. முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்கிவிட்டது.

கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் இடது கைப்பிடியில் இருக்கும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடியுங்கள். ஒரு குட்டி வால்வு திறந்து, அமுங்கிய காற்று 'புஸ்' என்று வெளியேறும். இன்னும் கொஞ்சம் அழுத்தி பிஸ்டனை உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்குங்கள். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது உதையுங்கள். அடுத்த அமுக்கம் வர ஏறக்குறைய இரண்டு சுற்று இருக்கிறது. அதற்குள் ஃப்ளைவீல் வேகம் எடுத்துவிடும். உயரம் தாண்டுகிறவர் கம்பத்தடியில் நின்றா தாண்டுகிறார்? தள்ளி நின்றுதானே ஓடி வருகிறார்!

வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. நான் பிடித்துக்கொண்டேன், அவள் ஏறினாள். அவள் எடை 38 கிலோ. முள், லீவர், 'புஸ்', உதை. முதல் இரண்டு உதைக்கும் இருமியது. மூன்றாவதில் சாளைக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன.

புல்லட் சத்தம் ஏன் தனியாகத் தெரிகிறது என்று கேட்காதவர்கள் குறைவு. சும்மா நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 900 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, ஆக 450. நொடிக்கு ஏழு எட்டு. நம் நாமக்கல் லாரி 600 சுற்றில் நின்றாலும் அதற்கு ஆறு சிலிண்டர், நொடிக்கு 30 வெடி. நொடிக்கு இருபதுக்குக் கீழே இருக்கும் தட்டல்களைக் காது தனித்தனியாகக் கேட்கும். அதற்கு மேலே போனால் எல்லாம் சேர்ந்து ஒரே உறுமலாகிவிடும். அதனால் லாரி உறுமுகிறது, புல்லட் 'டுக் டுக்' என்று எண்ணிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி போய், கொல்லிமலை ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பின்னால் உட்கார்ந்து அவள்தான் எண்ணினாள். இந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் பத்து வளைவுக்கும் என் கால்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. நாற்பதுக்கு மேல் வண்டி கொஞ்சம் திணறியது, அதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய நம் சமவெளியில் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். இரண்டையும் கலப்பது கார்பரேட்டர். அதன் குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் தானே மேலே இழுபடுகிறது. டம்ளரில் ஸ்ட்ராவை நிறுத்தி, அதன் வாய்க்குக் குறுக்கே பலமாக ஊதினால் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று பத்தில் ஒரு பங்கு இளைத்துவிடுகிறது. பழைய கார்பரேட்டருக்கு அது தெரியாது, காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. எரியாத மிச்சம் கரியாகப் படிகிறது. செம்மேட்டில் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். அடுப்பங்கரைச் சட்டி போலக் கறுத்திருந்தது.

டீ குடித்துவிட்டு வந்தோம். சுற்றிலும் நாலு பேர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மிதப்பில் சாவியைத் திருப்பி ஓங்கி உதைத்தேன். 'டப்'. நான் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியபோது, பின்னாலிருந்து ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் கேட்டது.

"முள்ளப் பாத்தீங்களா மாமா?"