எதிர் வக்கீல் விலகினால் வழக்கு ஜெயித்து விடுமா?

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் காரைக்குடியில் இருப்பார். ஒருவர் சென்னையில் இருப்பார். இன்னொருவர் மலேசியாவில் இருப்பார். பாகம் பிரிப்பதில் மனக்கசப்பு வந்தால் விவகாரம் கோர்ட்டுக்குப் போய்விடும்.

அப்படி ஒரு வழக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். சாட்சி விசாரணை தொடங்கும் நாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "கட்சிக்காரரிடம் இருந்து எனக்குத் தகவல் இல்லை. விலகிக்கொள்கிறேன்" என்கிறார்.

வாதிக்கு ஒரே மகிழ்ச்சி! "இனி வீடு நமக்குத்தான்" என்கிறார். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல.

கோர்ட்டின் அனுமதி

வக்காலத்து கொடுத்தபின் வக்கீல் நினைத்தபோது விலகிவிட முடியாது. 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டப்படி, அவர் எழுதிக் கையெழுத்திட்டு மனுப்போட வேண்டும். கோர்ட்டு அனுமதிக்க வேண்டும். அதுவரை அவரே வக்கீல்.

விலகத் தக்க காரணமும் வேண்டும். கட்சிக்காரருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய பீசைத் திருப்பித் தர வேண்டும். இது பார் கவுன்சில் விதி.

பீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சுப்ரீம் கோர்ட்டு 2000-ம் ஆண்டில் இப்படித் தீர்ப்புக் கூறியது.

நோட்டீஸ் முக்கியம்

வக்கீல் விலகியது கட்சிக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் எங்கோ வெளியூரில் இருப்பார். அன்றைக்கே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புக் கூறினால் அது நியாயம் ஆகுமா?

மல்கியத் சிங் – ஜோகிந்தர் சிங் வழக்கில் இதே கேள்விதான் எழுந்தது. வக்கீல் விலகியதும், கட்சிக்காரருக்குக் கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்தது. ஜெயித்தவர் மறுபடியும் வழக்காட வேண்டியதாயிற்று!

ஆகவே நோட்டீஸ் சரியாகப் போய்ச் சேர்வது வாதிக்கே நல்லது. எதிராளியின் சரியான முகவரியைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்தும் அவர் வராவிட்டால், கோர்ட்டு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கலாம். அப்போதும் வாதி தன் பத்திரங்களைக் காட்டி, சாட்சி சொல்லித் தன் பாத்தியதையை நிரூபிக்க வேண்டும்.

30 நாள் கெடு

தன் வக்கீல் விலகினால் பிரதிவாதி என்ன செய்வது? கேஸ் கட்டை வாங்கி, வேறு வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்க வேண்டும். தாமே ஆஜராகி வாய்தா கேட்கவும் செய்யலாம்.

ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டதா? அதை ரத்து செய்யக் கோரி 30 நாளுக்குள் மனுப்போடலாம். வராமல் போனதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். "வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருந்தால், பூர்வீக வீட்டின் பங்கே கைவிட்டுப் போகும்!

34 ஆண்டு வழக்கு

ஆள் மாறினாலும் வழக்கு நிற்காது என்பதற்குச் சிவகங்கையிலேயே உதாரணம் உண்டு. 1829-ம் ஆண்டில் ஜமீன்தார் இறந்ததும் வாரிசுத் தகராறு எழுந்தது. வழக்காடியவர்களே இடையில் மாண்டார்கள். கடைசியில் 1863-ம் ஆண்டில்தான் லண்டன் பிரிவி கவுன்சில் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பளித்தது.

வக்கீல் வருவார், போவார். வழக்கு கட்சிக்காரருடையது. வாய்தா தேதியை அவர்தான் மறக்கக் கூடாது!