டெர்மினேட்டர்: ரசிகர்களுக்கு ஏன் சலிச்சுப் போச்சு?

1984-ல் ஜேம்ஸ் கேமரூன் தொடங்கிய `டெர்மினேட்டர்', 1991-ல் இரண்டாம் பாகத்தோடு உச்சம் தொட்டது. அதன்பிறகு நான்கு படங்கள். 2019-ல் வந்த `டார்க் ஃபேட்' போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. இத்தனைக்கும் கேமரூன் தயாரிப்பாளராகத் திரும்பி வந்த படம்!

அர்னால்டுக்கு வயசாயிடுச்சு என்பதா காரணம்? இல்லை. இரண்டாம் பாகத்தின் மொத்தக் கதையே ஜான் கானர் என்ற சிறுவனைக் காப்பாற்றுவதுதான். அவனுக்காகவே அந்த இயந்திரம் உருகிய இரும்புக் குழம்புக்குள் இறங்கியது. அதே ஜானை 2015-ல் `ஜெனிசிஸ்' வில்லனாக்கியது. `டார்க் ஃபேட்' முதல் சில நிமிடங்களிலேயே சுட்டுக் கொன்றது. அப்போ நாம அன்னிக்குக் கண்கலங்கினது எதுக்கு பாஸ்?

டைம் டிராவல் கதையில் இது ஒரு வசதி. முந்தைய படம் ஓடலையா, `அது வேற டைம்லைன்' என்று அழித்துவிடலாம். `டார்க் ஃபேட்' மூன்று படங்களை அப்படித்தான் ஓரங்கட்டியது. (மூன்றாம் பாகத்தோட கிளைமாக்ஸ் நிஜமாவே துணிச்சலானது, அதுவும் சேர்ந்து போச்சு.) எதை வேணாலும் அழிக்கலாம்னா, அடுத்த படத்துல யார் செத்தாலும் பதற்றம் எப்படி வரும்?

2024-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அனிமே தொடரான `டெர்மினேட்டர் ஸீரோ', கானர் குடும்பத்தை விட்டுவிட்டு டோக்கியோவில் புதுக்கதை சொன்னது. ஒரே சீசனோடு அதுவும் நின்றுவிட்டது.