கறுத்த சில்லுக்குள் 1715

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கிழக்குக் கடற்கரையில் நீங்கள் நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலில் ஒரு கறுத்த சில்லு தட்டுப்படுகிறது. வட்டமாக இல்லை, மூலை உடைந்த பிஸ்கட் போல இருக்கிறது. பளபளப்பும் கிடையாது. தார்க்கட்டி என்று நினைத்து வீசிவிடுவீர்கள். ஆனால், கடலில் முந்நூறு ஆண்டு கிடந்த ஸ்பானிய வெள்ளி நாணயம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

1715 ஜூலை 24 அன்று கியூபாவின் ஹவானா துறைமுகத்திலிருந்து 11 ஸ்பானியக் கப்பல்களும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் ஐரோப்பா நோக்கிப் புறப்பட்டன. மெக்சிகோ, பெரு சுரங்கங்களின் வெள்ளி அவற்றில் இருந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 30 இரவு சூறாவளி பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் ஸ்பானியக் கப்பல்கள் 11-உம் பாறைத்திட்டுகளில் மோதிச் சிதறின. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். பிரெஞ்சுக் கப்பல் மட்டும் தப்பியது.

இருநூற்றைம்பது ஆண்டுகள் நெருங்கும் வேளையில், கிப் வாக்னர் என்ற வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் இதே கரையில் நாணயங்களைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் ஒன்றைக் கவனித்தார். ஆண்டு தெரிந்த நாணயங்களில் எதுவும் 1715-க்குப் பிந்தியதாக இல்லை. மூழ்கியது எந்தக் கப்பற்கூட்டம் என்பதற்கு அதுவே துப்பு. போரில் மிஞ்சிய பழைய கண்ணிவெடி உணர்கருவி ஒன்றை வாங்கி, அன்று கரையேறியவர்கள் கூடாரமடித்த இடத்தையும் கண்டுபிடித்தார். அவர் கூர்ந்து பார்த்தது ஒரு சின்ன எண்ணை. அந்த எண் அழிந்திருந்தால்? இந்தக் கேள்வியை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வருவோம்.

புயலுக்குப் பிறகு மட்டும் ஏன் கிடைக்கின்றன? கடற்கரை மணலின் அடர்த்தி ஏறக்குறைய 2.65. நாணய வெள்ளியின் அடர்த்தி 10-க்கும் மேல். அலை அடித்துக் கலக்கும்போது மணல் மிதந்து நகரும். நாணயம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கெட்டியான களிமண் அல்லது கிளிஞ்சல் அடுக்கின் மேல் போய் உட்காரும். அமைதியான கோடைகால அலைகள் மணலைக் கரையில் சேர்த்து அதை மூடிவிடும். புயல் அலைகளோ கரை மணலை வாரிக்கொண்டு கடலுக்குள் திட்டாகக் குவிக்கும். திரங்கானு, கிளந்தான் கரைகளில் ஆண்டிறுதி மழைக்காலத்துக்குப் பிறகு மணல் குறைந்து, தென்னை வேர் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மேல் மணல் போனபின் அடியில் கிடந்த கனமான பொருள் வெளியே தெரிகிறது.

இனி, ஏன் வட்டமாக இல்லை? அக்கால மெக்சிகோ, பெரு நாணயச்சாலைகளில் வெள்ளிப் பாளத்தைத் துண்டுபோட்டு, எடை சரியாக வரும்வரை ஓரத்தை வெட்டுவார்கள். பிறகு இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் ஓர் அடி. எடைதான் மதிப்பு, அழகைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பெரிய நாணயமான எட்டு ரெயால் சுமார் 27 கிராம். கொள்ளையர் கதைகளில் வரும் 'பீசஸ் ஆஃப் எயிட்' இதுதான். இதில் பாதி நான்கு ரெயால், அதில் பாதி இரண்டு, இப்படியே அரை ரெயால் வரை இறங்கும்.

1732 முதல் மெக்சிகோவில் இயந்திரத்தில் வட்டமாக, விளிம்பில் வேலைப்பாட்டுடன் அடிக்கத் தொடங்கினார்கள். ஓரத்தை யாரும் சுரண்டித் திருடாமல் இருக்கத்தான் அந்த விளிம்பு. பின்னாளில் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்காவில் புழங்கிய ஸ்பானிய டாலர் இந்த வகையே. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லின் பழைய பொருள் பல் பல்லான விளிம்பு. நாம் இன்றும் பத்து 'வெள்ளி' என்று சொல்லித்தானே கடையில் காசு கொடுக்கிறோம்?

கறுப்புக்கு வருவோம். ஆக்சிஜன் எட்டாத அடிமணலில் சிலவகை பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அது வெள்ளியுடன் வினைபுரிந்து கறுப்பான வெள்ளி சல்ஃபைடு உண்டாகிறது. கடலுப்பிலிருந்து வெள்ளி குளோரைடும் சேர்கிறது. அதன்மேல் சுண்ணாம்புப் படிவு. பல ஆண்டுகள் இப்படிப் போனால், நாணயத்தின் வெளிப்பகுதி உலோகமாகவே இருக்காது. ஆனால் எழுத்தும் சின்னமும் அந்தக் கறுப்பு அடுக்கிலேயே பதிந்திருக்கும். தேய்த்தால் கறுப்போடு எழுத்தும் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பதின்மூன்று வயதில், பாட்டி கொடுத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஐம்பது காசைப் பாத்திரம் துலக்கும் தூளாலும் பழைய பல்தூரிகையாலும் தேய்த்துப் 'பளிச்' ஆக்கினேன். மன்னரின் தாடியும் போயிற்று, ஆண்டின் கடைசி எண்ணும் போயிற்று. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் தேய்க்காமல் எப்படிக் கண்டறிவது? முதலில் காந்தம். வெள்ளியை அது இழுக்காது. ஆனால் பக்கத்தில் கிடந்த ஆணியின் துரு ஒட்டியிருந்தால் லேசாக இழுக்கலாம். அதனால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்தது, சமையலறைத் தராசே போதுமான ஒரு சோதனை. நாணயத்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், 22.5 கிராம் என்று வைப்போம். தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க நீரில் தொங்கவிடுங்கள். தராசு 2.2 கிராம் காட்டினால் நாணயத்தின் கன அளவு 2.2 கன சென்டிமீட்டர். 22.5-ஐ 2.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.2. இது நல்ல வெள்ளிக்குப் பொருந்துகிறது. ஈயம் 11.3, இரும்பு 7.9. நீண்ட காலம் அரிபட்ட நாணயத்தில் சல்ஃபைடு மிகுதியாக இருப்பதால் விடை 10-க்குக் கீழேயும் வரலாம். 9 வந்தது, ஆகவே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கடைசியாக உருப்பெருக்கியும் சாய்வான வெளிச்சமும். ஒரு பக்கத்தில் சிலுவை தெரியும். அதன் நான்கு மூலைகளில் கோட்டையும் சிங்கமும் மாறி மாறி இருக்கும். அவை காஸ்டீல், லியோன் அரசுகளின் சின்னங்கள். மெக்சிகோ நாணயமானால் மறுபக்கம் கேடயம். இடப்பக்கம் 'எம்' எழுத்தும் அதன் தலைமேல் ஒரு சிறு வட்டமும். லிமா, பொட்டோசி நாணயங்களில் அலைகளின் மேல் இரண்டு தூண்கள் நிற்கும். அவற்றில் ஆண்டின் கடைசி எண்கள் நடுவிலும் இருப்பதால் தப்பிப் பிழைக்க வாய்ப்பு அதிகம். மெக்சிகோவில் ஆண்டை விளிம்போரம் வைத்தார்கள். பல நாணயங்களில் அது பதியாமலே போயிருக்கும். உலோகத் தரத்தைச் சோதித்த அதிகாரியின் ஒற்றை எழுத்தும் இருக்கும். ஆண்டு இல்லாதபோது காலத்தைச் சொல்வது அந்த எழுத்துதான்.

கையால் அடித்தவற்றில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒரே மாதிரி வெடிப்புள்ள இரண்டு நாணயங்களை யாராவது விற்க வந்தால் அவை வார்ப்புப் போலிகள். மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழிகளும் விளிம்பில் வார்ப்புக் கோடும் தேடிப் பாருங்கள்.

ஃபுளோரிடாவில் கடலுக்கடியில் சிதைவுகளைத் தோண்ட அனுமதி வேண்டும். பொதுக் கரைகளிலும் பூங்காக்களிலும் விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சில்லு கிடைத்தால் கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி, படம் எடுத்து, நல்ல தண்ணீரில் போட்டு வையுங்கள். உப்பு மெல்லக் கரையட்டும். ஆய்வகத்தில் அதை எதிர்மின்வாயாக இணைத்து, சோடாக் கரைசலில் மிகக் குறைந்த மின்னோட்டம் செலுத்துவார்கள். அப்போது சல்ஃபைடிலிருந்து கந்தகம் விலகி, வெள்ளி இருந்த இடத்திலேயே மறுபடி உலோகமாகிறது, எழுத்தோடு சேர்த்து. இதற்குச் சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.