யாருக்கு மாற்றம் தெரிந்தது?

அந்தமானில் உள்ள புரோத்ராபூரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். பெரிய வைத்தியம் எதுவானாலும் “மெயின்லேண்ட் போய்ப் பார்த்துடலாம்” என்பது தீவில் எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரும் அப்படித்தான் புறப்படுகிறார்கள். பங்க் கிளாஸில் இயந்திர இரைச்சல், ராத்திரியும் எரியும் விளக்கு, டீசல் வாடை. ஓசையையும் வெளிச்சத்தையும் நம்மைவிடக் கூர்மையாக உணரும் குழந்தைக்கு அந்தப் பயணமே பெரும் பாடு. அத்தனையும் தாங்கிக் கரையேறுகிறவர்களுக்காகப் பெருநகரங்களில் ஒரு வியாபாரம் பல ஆண்டுகளாகக் கடை விரித்திருந்தது. அதன் பெயர் ஸ்டெம் செல் சிகிச்சை.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்புக்குள் தடித்த ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். அதிலிருந்து செல்களைப் பிரிப்பார்கள். பிறகு கீழ் முதுகில் முள்ளெலும்புகளுக்கு நடுவே இன்னொரு ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீருக்குள் அந்தச் செல்களை விடுவார்கள். கட்டணம் லட்சங்களில். மஜ்ஜையில் இருந்த செல் மூளையில் போய் எதைச் சரிசெய்யும் என்று கேட்டால், வீக்கத்தைத் தணிக்கும், நரம்பு இணைப்புகளைத் தூண்டும் என்று பதில் வரும். ஆட்டிசத்தில் பங்குள்ள மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூளை கருவில் உருவாகும் காலத்திலேயே அவற்றின் வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு இடத்தில் ஏற்பட்ட காயத்தை ஊசியால் ஆற்றுவதுபோல இதை ஆற்றலாம் என்பது வெறும் ஊகம். ஊகத்தை ஆராயலாம், தப்பில்லை. ஆனால் அதற்குப் பெற்றோரிடம் பணம் வாங்கியது பெரிய தப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட நெறிமுறை, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சில நிலைகள் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக்கூடாது என்றது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே எழுதியது: இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, இதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுக்கக்கேடு. அப்புறமும் கடை மூடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2026 ஜனவரி 30-ல் தீர்ப்பு வந்தது. முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் கொடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தீர்ப்புதான் வந்துவிட்டதே என்று இருந்துவிட முடியவில்லை. “ஊசி போட்ட பிறகு என் பிள்ளை கண்ணைப் பார்க்கிறான், ராத்திரி தூங்குகிறான்” என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது என்ன என்பதை விளக்காதவரை, இன்றைக்கு ஸ்டெம் செல்லைத் தேடிய வீடு நாளைக்கு வேறொன்றைத் தேடும்.

இதை விளக்க செக்ரெடினின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செக்ரெடின் சிறுகுடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன். கணையத்தைத் தூண்டுவது அதன் வேலை. 1990-களில் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு வயிற்றுக் கோளாறைக் கண்டறியும் சோதனைக்காக இதை ஊசியில் ஏற்றினார்கள். அதன்பின் அவன் பேச்சு கூடியது என்று வீட்டார் சொன்னார்கள். 1998-ல் செய்தி தொலைக்காட்சியில் வந்தது. அவ்வளவுதான், மருந்துக்கு நாடு முழுக்க அலைமோதினார்கள். மறு ஆண்டே, 60 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு ஒரே ஒரு முறை செக்ரெடின், மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பெண் போட்டவர்களுக்கும் தெரியாது. கடைசிவரை இருந்தவர்கள் 56 குழந்தைகள். செக்ரெடின் ஏற்றிய குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. உப்புநீர் ஏற்றிய குழந்தைகளிடமும் தெரிந்தது! இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை அந்தப் பெற்றோரிடமே எடுத்துச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகும் 69 சதவீதத்தினர், தங்கள் பிள்ளைக்குச் செக்ரெடின் கொடுப்பதில் இன்னும் ஆர்வம் இருக்கிறது என்றார்கள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை, மனசு கனக்கிறது. எதுவும் கைகொடுக்காத வீட்டில் வேறெப்படி இருக்க முடியும்?

உப்புநீரில் எப்படி முன்னேற்றம் வந்தது? ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளர்கிறது. பேசாமல் இருந்து நான்கு வயதில் பேசும் பிள்ளை எந்த மருந்தும் இல்லாமலும் பேசியிருக்கக்கூடும். அதோடு, நிலைமை மிக மோசமாக இருக்கும் மாதத்தில்தான் பெற்றோர் மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் தேவலை. லட்சம் செலவழித்த பிறகு, பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் உற்றுப் பார்க்கும் கண்ணும் வேறு கண் ஆகிவிடுகிறது.

ஸ்டெம் செல் கதையிலும் இதே திருப்பம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 25 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிப் பார்த்து, முன்னேற்றம் தெரிந்ததாக 2017-ல் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் இல்லாத சோதனை அது. அதே குழுவினர் பிறகு 180 குழந்தைகளைச் சேர்த்து முறையாகச் செய்தார்கள். 2020-ல் வெளிவந்த முடிவு: அளக்க நினைத்த முக்கியமான விஷயத்தில், அதாவது சமூகப் பழக்கத்தில், போலி ஊசியைவிடக் கூடுதலான பலன் இல்லை. தங்கள் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் அச்சிட்ட அந்த ஆய்வாளர்களை மதிக்கிறேன். விளம்பரத் தாள்களில் இடம்பெறுவது 25 பேரின் கதைதான்.

ஆட்டிசத்தைக் குணமாக்கும் முயற்சிகளைப் பற்றி ஆட்டிசம் உள்ளவர்களே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசி வருகிறார்கள். நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993-ல் கனடாவின் டொரண்டோவில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்கிளேர், தன்னைப்போன்ற பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்தே பேசினார். ஆட்டிசம் ஒரு மனிதருக்குள் புகுந்துகொண்ட வேற்றுப் பொருள் அல்ல; அதைப் பிடுங்கி எறிந்தால் மிச்சம் இருப்பது உங்கள் பிள்ளையாக இருக்காது என்பது அவர் பேச்சின் சாரம். மான்ட்ரியலைச் சேர்ந்த மிஷெல் டாசன் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ஆட்டிசம் உள்ளவர், அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர், பின்னாளில் ஆய்வாளர் ஆனவர். நடத்தைப் பயிற்சிக்கு அரசு பணம் தர வேண்டும் என்று பெற்றோர் தொடுத்த வழக்கில், 2004-ல் கனடா உச்ச நீதிமன்றத்தில் இடையீட்டாளராகத் தன் வாதத்தை முன்வைத்தார். மற்ற மனிதர்கள்மேல் ஒரு சிகிச்சையைச் செலுத்தக் கேட்கும் அறிவியல் தரத்தையும் அறநெறியையும் எங்கள் விஷயத்தில் மட்டும் ஏன் தளர்த்துகிறீர்கள் என்பது அவர் கேள்வி.

இவர்களின் சந்தேகத்தை அறிவியல்மேல் உள்ள வெறுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சிகள் பற்றிய 150 ஆய்வறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 105-ல் ஆய்வாளருக்கே அந்தப் பயிற்சியால் ஏதோ ஒரு ஆதாயம் இருந்தது. அதை முழுமையாக வெளியே சொன்னவை ஆறு. டாசன் போன்றவர்கள் கேட்டது நியாயம் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிகிச்சையின் பலனைச் சொல்பவர் பெற்றோர் அல்லது மருத்துவர்; ஊசி இறங்குவது பிள்ளையின் முதுகில். உலோகத்தை உடம்பிலிருந்து இழுக்கும் செலேஷன் மருந்தை ஏற்றியதில், 2005-ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தே போனான். வெளுக்கப் பயன்படும் குளோரின் டை ஆக்சைடு கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அழுத்தப்பட்ட ஆக்சிஜன் அறை இன்னும் விற்பனையில் இருக்கிறது. அப்படிப்பட்ட அறையின் உண்மையான தேவை நம் தீவுக்குத் தெரியும். ஹேவ்லாக் கடலில் ஸ்கூபா போய், ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறியதால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியவரை, போர்ட் பிளேரில் கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவருவார்கள். அங்கே அது உயிர் காக்கும் கருவி. ஆட்டிசத்துக்கு அதை விற்பதை எச்சரித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே அறிவிப்பு வெளியிட்டது.

இப்போது பேச்சு லூகோவோரின் மாத்திரை பற்றி. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே மேடையில் சொன்னதால் நம் ஊர்வரை அலை வந்துவிட்டது. மூளைக்குள் ஃபோலேட் குறையும் ஒரு அரிய நிலைக்கு அது உதவும். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் உதவும் என்று காட்டும் பெரிய சோதனை எதுவும் இல்லை.

உதவி வேண்டாம் என்று ஆட்டிசம் உள்ளவர்கள் யாரும் சொல்லவில்லை. வலிப்பு இருந்தால் அதற்கு மருந்து, மலச்சிக்கலுக்கு வைத்தியம், தூக்கத்துக்கு வழி, பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கும் அட்டையோ டேப்லெட்டோ, வகுப்பறையில் காதை மூடிக்கொள்ள அனுமதி, கைகளை உதறினால் அடிக்காத ஆசிரியர். இவற்றில் எதையும் “குணமாக்கித் தருகிறோம்” என்று விற்க முடியாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் கீழ் மண்டல மையம் ஒன்று போர்ட் பிளேரிலேயே இயங்குகிறது. புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய், இந்தப் பயிற்சியால் என் பிள்ளைக்கு என்ன எளிதாகும், அது எளிதானதை அவனிடமிருந்து எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.