பட்டு நெய்யும் கைகளுக்குக் கூலி யாது?

காஞ்சீபுரம் செல்வோர் கோபுரங்களைத் தரிசிக்கின்றனர். பின்னர்ப் பட்டுக்கடைகளில் புகுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியோசை கேட்கும் வீடொன்றினுள் நுழைந்து, குழியில் கால் வைத்து அமர்ந்திருப்பவனை நோக்கி, “ஐயா, இச்சேலைக்கு உமக்குக் கிடைப்பது எவ்வளவு?” என்று கேட்பவர் மிகச் சிலரே. தேசபக்தியுடையார் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி இதுவென்பது நமது அபிப்பிராயம்.

பட்டு நூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்தும், ஜரிகை ஸூரத்திலிருந்தும் வருகின்றன. இவற்றின் விலை ஏறினால் வியாபாரி அதனைச் சேலையின் விலைமீது ஏற்றிவிடுகிறார். வெள்ளியும் தங்கமும் விற்கிற விலையைப் பத்திரிகைகள் தினந்தோறும் பிரசுரிக்கின்றன. நெசவாளியின் உழைப்பின் விலையைப் பிரசுரிப்பார் எவருமிலர். நூலும் ஜரிகையும் பேரத்துக்கு இசையா. மனிதன் வயிறொன்றே இசைகிறது. ஆகையால் எங்கே குறைக்க வேண்டினும் கூலியிலேதான் குறைக்கப்படுகிறது.

கூலி உருப்படிக் கணக்கில் தரப்படுவது இதற்குப் பெருந்துணையாகின்றது. ஒரு சேலைக்கு இவ்வளவு என்று சொல்லும்போது அத்தொகை பெரிதாகவே தோன்றும். அதனைப் பிரித்துப் பார்ப்போம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகி, மூன்று நாடாக்களால் கோர்வை போட்டு நெய்யும் சேலை பத்து நாளும் கொள்ளும். வேலைப்பாடு மிகுந்தால் இருபது நாளும் கொள்ளும். கரையைக் கோக்க மறுபுறத்தில் இன்னோர் ஆள் வேண்டும். தார் சுற்றுகிறவள் மனைவி. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டுப் பதப்படுத்தவும், பழைய பாவின் முனையோடு புதியதை இழை இழையாகப் பிணைக்கவும் பல கைகள் உழைக்கின்றன. மழை பெய்தால் பாவு வேலை நிற்கும். அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். இத்தனை கைகளுக்கும் இத்தனை நாட்களுக்கும் அத்தொகையைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு மிஞ்சுவது யாதென்று ஒவ்வொரு நெசவாளியும் அறிவான். தார் சுற்றும் பெண்ணின் உழைப்புக்கோ கணக்கிலே பெயரே இல்லை.

2019-20-ஆம் வருஷத்துக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நாட்டுக் கைத்தறிக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே வருமானம் பெற்றன. குறைந்த கூலி கடனைத் தேடச் செய்கிறது. முன்பணம் வாங்கியவன் வேறு முதலாளியை நாட இயலாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் பிறந்தும், காஞ்சீபுரத்துத் தறிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தைகள் கட்டுண்டிருந்த செய்தியை மனித உரிமைக் கண்காணிப்புச் சங்கத்தார் 2003-இல் உலகறிய வெளியிட்டனர். கூலிக் குறைவு எங்கே கொண்டு விடும் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

நமது தலைவர்கள் நெசவாளரை மறந்தவர்களல்லர். 1953-இல் ராஜாஜி வேஷ்டியும் சேலையும் கைத்தறிக்கே விடப்பட வேண்டுமென்று வாதாடினார். அதே வருஷத்தில், காஞ்சியிற் பிறந்த அண்ணாதுரை திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து விற்றார். அரசியலில் எதிரெதிரே நின்ற இருவரும் இவ்விஷயத்தில் ஒன்றுபட்டனர். ஆயினும் துணியை விற்றுக் கொடுத்தல் ஒன்று. விற்ற பணத்தில் நெய்தவனுக்கு உரிய பங்கு சேர்த்தல் மற்றொன்று. முன்னது நடந்தால் பின்னது தானே நடந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

இவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டவர் மகாத்மா காந்தி. கதர் மலிவாக விற்க வேண்டுமென்பதற்காக நூற்கும் பெண்களுக்கு அற்பக் கூலி தருவது அநீதி என்று 1935-இல் அவர் எடுத்துரைத்தார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா வேண்டுமென்பது அவர் விருப்பம். அகில பாரத சர்க்கா சங்கத்தார் அதனினும் குறைந்த அளவிலே தொடங்கினரெனினும், உண்ணவும் உடுக்கவும் போதுமான கூலி என்னும் தத்துவத்தை அவ்வருஷமே ஏற்றுக்கொண்டனர். விலை ஏறினால் கதர் விற்காது என்று அஞ்சியோர் அன்றும் இருந்தனர். ஏழையின் பட்டினியால் மலிவாகும் துணி சுதேசித் துணியாகாது என்பதே அத்தீர்மானத்தின் பொருள்.

அந்த அளவுகோல் பட்டுக்கும் பொருந்தாதோ? 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, உருப்படிக்கு வேலை செய்வோருக்கும் நேரத்தைக் கொண்டு உறுதிக் கூலி நிர்ணயிக்க இடம் தந்தது. எனவே நாம் கோருவது புதுமையன்று. சேலையை எண்ணுவதோடு நில்லாமல் அதற்குச் சென்ற நேரத்தையும், உழைத்த கைகள் அனைத்தையும் எண்ணிக் கூலி வகுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் இதனை முதலில் செய்து காட்டினால் தனி முதலாளிகளும் அவ்வழிக்கு வந்தே தீர வேண்டும். சங்கத்தின் கிடங்கில் சரக்குத் தேங்கியதென்று கூறி நெசவாளியின் பணத்தைத் தாமதப்படுத்துவதும் ஒழிய வேண்டும். காஞ்சீபுரப் பட்டு என்னும் பெயர் புவிசார் குறியீட்டுச் சட்டத்தால் காக்கப்பட்டிருக்கிறது. பெயருக்குக் காவல் இருக்க, அப்பெயரைத் தேடித் தந்தவனுக்குக் காவல் வேண்டாமா? விசைத்தறிச் சரக்கை அப்பெயரால் விற்போரைத் தண்டிப்பதும் கூலியைக் காப்பதன் ஒரு பகுதியே.

இறுதியாக நமது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1905-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி சுதேசி இயக்கம் கல்கத்தாவிலே பிரகடனமாயிற்று. அந்நாளையே தேசியக் கைத்தறி தினமாக 2015 முதல் கொண்டாடி வருகிறோம். அத்தினத்தில் மேடையேறுவதினும் எளிதான தொண்டு ஒன்றுண்டு. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போது ஜரிகையின் வெள்ளியை உரைத்துப் பார்க்கிறோமல்லவா? அப்போதே, “இவ்விலையில் நெய்தவர் கூலி எவ்வளவு?” என்றும் கேட்போம். ஒருவர் கேட்டால் கடைக்காரர் நகைப்பார். நூறு பேர் கேட்டால் கணக்குப் புத்தகத்தை எடுப்பார். ஊர் முழுதும் கேட்குமாயின் விடையைச் சேலையின் மீதே எழுதி வைப்பார்.